சீனத் தட்டல்ல, சீமைத் தட்டு

மைசூர் மைன்ஸில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் என் தாத்தா பட்லராக வேலை பார்த்தார். 1956-ல் தங்கச் சுரங்கங்களை மைசூர் அரசு ஏற்றுக்கொண்டபோது துரை குடும்பம் சீமைக்குக் கப்பலேறியது. புறப்படும்போது தாத்தாவுக்கு ஆறு தட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வெள்ளைத் தட்டில் நீலச் சித்திரம்: ஒரு பாலம், அதன்மேல் மூன்று பேர், வளைந்த மரம், மாடக் கட்டடம், வானத்தில் இரண்டு பறவைகள். "சைனாத் தட்டு" என்று சொல்லிப் பாட்டி அவற்றைப் பெட்டியில் பூட்டி வைத்தார். வீட்டில் யாரும் அவற்றில் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அந்தத் தட்டைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் 'இங்கிலாந்து' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது! சீனச் சித்திரம் இங்கிலாந்துத் தட்டில் எப்படி வந்தது? அந்தக் கேள்விதான் என்னைப் பழைய தட்டுகள் சேர்ப்பவனாக ஆக்கியது.

நூற்றாண்டுக் கணக்கில் பீங்கான் செய்யும் ரகசியம் சீனரிடம்தான் இருந்தது. நம் ராமநாதபுரம் மாவட்டப் பெரியபட்டினத்திலும் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன. ஐரோப்பிய மன்னர்கள் அதற்குப் பெரும் பணம் கொட்டினார்கள். ஜெர்மனியின் சாக்சனி மன்னர் அகஸ்டஸ், பொன் செய்து தருவதாகச் சொன்ன போட்கர் என்ற இளைஞரைக் காவலில் வைத்திருந்தார். பொன் வரவில்லை. 1708-ல் பீங்கான் வந்தது! 1710-ல் மைசன் நகரில் தொழிற்சாலை தொடங்கியது. தொடக்க காலத்தில் அங்கே தீட்டியவற்றில் பலவும் சீன, ஜப்பானிய பாணிச் சித்திரங்களே.

இங்கிலாந்தில் 1790 வாக்கில் ஸ்போட் போன்ற தொழிற்சாலைகள் இந்த 'வில்லோ' சித்திரத்தை அச்சிடத் தொடங்கின. செம்புத் தகட்டில் சித்திரம் செதுக்கி, கோபால்ட் நீல மையைப் பூசி, மெல்லிய தாளில் ஒற்றி எடுப்பார்கள். ஒருமுறை சுட்ட தட்டில் அந்தத் தாளை அழுத்தி மையை இறக்கி, அதன்மேல் கண்ணாடி மெருகு பூசி மறுபடியும் சுடுவார்கள். கையால் தீட்டும் செலவு மிச்சம். காதலர் இருவர் புறாக்களாகிப் பறந்தார்கள் என்று இந்தச் சித்திரத்துக்கு ஒரு கதையும் உண்டு. அதுவும் இங்கிலாந்திலேயே கட்டிய கதைதான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

தட்டின் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவினால் பீங்கான். இருளாக இருந்தால் மெருகிட்ட மண்பாண்டம். வில்லோ தட்டுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை.

விளிம்புப் பூவேலையில் எங்காவது கோடு பிசகி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது தாள் அச்சு.

நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிற்பட்டது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அந்த ஆண்டில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டமே காரணம்.

தேங்காய் நார் போட்டுத் தேய்க்காதீர்கள். கொதிநீர் ஊற்றாதீர்கள். பழைய மெருகில் ஈயம் இருக்கக்கூடும், ஆகவே ரசம், குழம்பு பரிமாற வேண்டாம்.

இதை விற்றுப் பணக்காரராகலாம் என்று எண்ண வேண்டாம். லட்சக்கணக்கில் அச்சிட்ட தட்டு இது. ஆனால் 2001-ல் சுரங்கம் மூடிய பிறகு, எங்கள் ஊரில் எத்தனையோ வீட்டுப் பெட்டிகள் பழைய சாமான்காரர்களிடம் காலியாயின. எங்கள் ஆறில் இரண்டு உடைந்தன. மூன்றை ஓர் எவர்சில்வர் குடத்துக்கு மாற்றிக்கொண்டோம். மாற்றியது நான்தான். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, மிச்சமிருந்த ஒன்றைத் தன் புடவைக்குள் சுற்றி வைத்துக்கொண்டார்.

தாத்தா எத்தனையோ ஆண்டுகள் பரிமாறிய தட்டு அது. சென்ற ஆண்டு அவர் நினைவு நாளில் அதன்மேல் இலை விரித்து முதல் படையல் வைத்தேன். இது ஏன் என்று பேரன் கேட்டான். சீனம், ஜெர்மனி, இங்கிலாந்து, மைசூர் மைன்ஸ் எல்லாம் சொல்லி முடிக்க அரைமணி ஆயிற்று.

உங்கள் வீட்டுப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். யார் கொடுத்தது, எப்போது வந்தது என்று ஒரு சீட்டில் எழுதித் தட்டோடு வையுங்கள்.