வேகம் எங்கே ஒளிந்திருக்கிறது?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிப்பொறி அறிவியல்)

இணையத்தில் நாம் காணும் பக்கங்களுள் பெரும்பாலானவை முன்கூட்டியே எழுதி அடுக்கி வைக்கப்பட்டவை அல்ல. நாம் கேட்கும் அந்த நொடியில், எங்கோ ஒரு கணிப்பொறி அப்பக்கத்தைப் புதிதாக ஆக்கி அனுப்புகிறது. அவ்வாறு ஆக்கித் தரும் மொழிகளுள் மிகப் பரவலானது பி.எச்.பி. ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தம் சொந்த இணையப் பக்கத்துக்காக 1994-இல் எழுதி, 1995-இல் உலகுக்கு வழங்கிய சிறு கருவித் தொகுப்பே இதன் தொடக்கம். பெரிய நிறுவனம் திட்டமிட்டுப் படைத்த மொழியன்று. தேவைக்கேற்ப வளர்ந்த மொழி. ஆதலின் ‘மெதுவான மொழி’ என்னும் பழி இதற்கு நெடுநாளாக உண்டு.

அந்தப் பழியை நீக்க முயன்றவர்களின் சோதனைகளைப் படித்தபோது, அவை இந்த மொழிக்கு மட்டும் உரிய பாடம் அல்ல என்று எனக்குத் தோன்றியது. அதனை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே வேலையை மீண்டும் மீண்டும்

பி.எச்.பி. நிரல் ஒன்று இயங்கும் விதத்தை முதலில் காண்போம். பக்கம் ஒன்றை ஒருவர் கேட்டதும், கணிப்பொறி நிரலைப் படிக்கிறது, சொற்களாகப் பிரிக்கிறது, தனக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுகிறது, பிறகுதான் இயக்குகிறது. வேலை முடிந்ததும் அனைத்தையும் மறந்துவிடுகிறது. அடுத்த நொடியில் இன்னொருவர் அதே பக்கத்தைக் கேட்டால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது.

எங்கள் அம்மாபேட்டையில் பட்டுத் தறி பார்த்தவர்களுக்கு இதன் வீண்வேலை உடனே விளங்கும். சேலையின் பூவேலைக்கு ஜக்கார்டு அட்டைகளில் துளையிட்டுக் கோத்து வைப்பார்கள். அந்த அட்டைகளை ஒருமுறை தயாரித்தால் எத்தனை சேலைகளுக்கும் பயன்படும். ஒவ்வொரு சேலைக்கும் புதிதாக அட்டை அடிப்பவர் உண்டோ? மாற்றப்பட்ட கட்டளைகளை நினைவகத்தில் அப்படியே வைத்துக்கொள்ளும் ‘ஓபிகேஷ்’ என்னும் ஏற்பாடு, 2013-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து பி.எச்.பி.யுடனேயே சேர்த்து வழங்கப்படுகிறது. அது அட்டையைப் பத்திரப்படுத்தும் வேலையே ஆகும்.

ஏமாற்றம் தந்த பாடம்

இதற்குப் பிறகும் வேகம் போதவில்லை. ஸெண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த டிமிட்ரி ஸ்டோகோவும் அவருடைய குழுவினரும் ஒரு துணிந்த சோதனை செய்தனர். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனை நேரடியாக இயந்திர மொழிக்கு மாற்றும் முறை அது. கணக்குப் போடும் சிறு நிரல்கள் பல மடங்கு வேகமாயின. ஆனால் வேர்ட்பிரஸ் போன்ற, மக்கள் உண்மையில் பயன்படுத்தும் பெரிய நிரல்களில் ஏறத்தாழ மாற்றமே இல்லை!

காரணம் என்ன? நேரம் கணக்குப் போடுவதில் செலவாகவில்லை. தரவுகளை நினைவகத்தில் வைப்பதிலும் எடுப்பதிலும் செலவாகிக்கொண்டிருந்தது. தறியை எவ்வளவு விரைந்து ஓட்டினாலும், தார் சுற்றித் தர ஆளில்லையென்றால் நாடா நின்றுதானே போகும்? எங்கள் வீட்டில் என் அம்மாவும் பாட்டியும் தார் சுற்றுவதால்தான் அப்பாவின் தறி நிற்காமல் ஓடுகிறது.

ஆதலின் அவர்கள் தறியை விட்டுவிட்டுத் தாரைக் கவனித்தனர். 2014-இல் ஸ்டோகோவ், சின்சென் ஹுய், நிகிதா போபோவ் ஆகியோர் தரவு வைக்கும் முறையையே திருத்தி அமைத்தனர். அதன் பயனை எண்களில் காணலாம். 1 முதல் 1 லட்சம் வரையுள்ள எண்களை ஒரு பட்டியலாக வைக்கப் பழைய 5-ஆம் பதிப்புக்குச் சுமார் 14 மெகாபைட் இடம் வேண்டும். அதாவது ஓர் எண்ணுக்கு 144 பைட். 7-ஆம் பதிப்பில் அதே பட்டியலுக்கு 4 மெகாபைட் போதும். 2015 டிசம்பரில் வெளிவந்த அப்பதிப்பில், முந்தைய 5.6-ஐவிடப் பல நிரல்கள் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் ஓடின. கணிப்பொறியை மாற்றவில்லை, நிரலையும் பெரும்பாலும் மாற்றவில்லை. 2022-இல் வந்த 8.2 பதிப்பில் அப்பட்டியல் 2 மெகாபைட்டுக்குச் சுருங்கிவிட்டது.

இயந்திர மொழிக்கு மாற்றும் அந்த முறை பின்னர் 2020-இல் 8-ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. அப்போதும் சோதனைக் கணக்குகள் சுமார் மும்மடங்கு வேகமாயின. வழக்கமான இணையப் பக்கங்கள் முன்பிருந்த அளவிலேயே நின்றன. முதல் பாடம் பொய்யாகவில்லை.

நிகிதா போபோவ் 2011-இல் இம்மொழிக்காகப் பணியாற்றத் தொடங்கியபோது பள்ளி மாணவர் என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். பட்டியல் முழுவதையும் நினைவகத்தில் அடுக்காமல், கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ‘ஜெனரேட்டர்’ என்னும் வசதியும் அவர் தந்ததே. நம் ஆய்வகத்துக் கணிப்பொறியிலேயே இதைச் செய்து பார்க்கலாம். நான் 10 லட்சம் எண்களைப் பட்டியலாக வைத்தேன். 16 மெகாபைட் ஆயிற்று. ஜெனரேட்டர் வழியாக எடுத்தேன். ஒரு கிலோபைட் கூட ஆகவில்லை.

தமிழுக்கு என்ன பயன்?

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கப்பட்டது. இலங்கைத் தமிழரான மயூரநாதன் போன்றோர் அதற்கு அடித்தளமிட்டனர். இன்று அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அதனை இயக்கும் மீடியாவிக்கி என்னும் மென்பொருள் பி.எச்.பி.யில் எழுதப்பட்டதே.

2014-இல் விக்கிமீடியாவினர், ஃபேஸ்புக் நிறுவனம் உருவாக்கிய எச்.எச்.வி.எம். என்னும் வேகமான இயக்கியைத் தம் கணிப்பொறிகளில் அமைத்தனர். எழுதியதைச் சேமிக்க ஆகும் சராசரி நேரம் சுமார் 6 நொடியிலிருந்து 3 நொடியாகக் குறைந்தது. கணிப்பொறிகளின் சுமை 50 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாயிற்று. பின்னர் பி.எச்.பி.யே வேகம் பெற்றுவிடவே, 2019-இல் அதன் 7-ஆம் பதிப்புக்குத் திரும்பினர். ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில் தமிழில் எழுதுவோர்க்கு அந்த 3 நொடி சிறிதன்று.

விரைவான விடை சரியான விடையா?

ஆயினும் வேகம் ஒன்றே குறிக்கோள் ஆகாது. நான் செய்து பார்த்த இன்னொரு சோதனையைக் கூறுகிறேன். ‘அம்மாபேட்டை’ என்னும் சொல்லின் நீளத்தை பி.எச்.பி.யிடம் மூன்று கட்டளைகளால் கேட்டேன். முதல் கட்டளை 33 என்றது. இரண்டாவது 11 என்றது. மூன்றாவது 6 என்றது.

அ, ம், மா, பே, ட், டை என ஆறு எழுத்துகள் என்பது தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கணிப்பொறியின் யூனிகோடு முறையில் ‘மா’ என்பது மகரமும் துணைக்காலும் சேர்ந்த இரண்டு குறிகள். அவ்வாறு எண்ணினால் 11. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் இடம் வேண்டும்; ஆகவே 33.

மூன்றிலும் விரைவானது முதல் கட்டளையே. பைட் கணக்கு சொல்லோடு முன்பே எழுதி வைக்கப்பட்டிருப்பதால், அது எண்ணுவதே இல்லை. நமக்கு வேண்டிய 6 என்ற விடைக்கோ, சொல் முழுவதையும் நடந்து பார்க்க வேண்டும். வேகத்தை மட்டும் நம்பி ஒருவர் பெயரைப் பத்து பைட்டில் வெட்டினால், ‘அம்’ என்பதோடு உடைந்த குறி ஒன்றுதான் மிஞ்சும். விண்ணப்பத்தில் தம் ஊரின் பெயரை அவ்வாறு காண்பவர்க்கு அந்த வேகத்தால் என்ன பயன்?

உலக மொழிகள் அனைத்தையும் உள்ளிருந்தே கையாளும் வகையில் பி.எச்.பி.யை மாற்ற 2005-இல் ஒரு பெருமுயற்சி தொடங்கியது. ஒவ்வொரு சொல்லையும் உள்ளே வேறு வடிவுக்கு மாற்றியதால் நினைவகச் செலவு கூடியது, வேகம் குறைந்தது. 2010-இல் அது கைவிடப்பட்டது. 6-ஆம் பதிப்பு வெளிவராமலே போனதற்கும், 5-க்கு அடுத்து 7 வந்ததற்கும் காரணம் இதுவே. ஆதலின் தமிழ் எழுத்தை எழுத்தாக மதிக்கும் பொறுப்பு, இன்றும் நிரல் எழுதும் நம் கையில்தான் உள்ளது.

முடிவுரை

நம்மில் பலர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். விலையுயர்ந்த கணிப்பொறி நம்மிடம் இல்லை. ஆனால் மேற்கூறிய சோதனைகள் எவற்றிலும் வெற்றி தந்தது புதிய கணிப்பொறி அன்று. நேரம் எங்கே போகிறது என்று பொறுமையாக அளந்து பார்த்த மனமே. பி.எச்.பி.யின் மூல நிரல் இலவசமாக, எவரும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது. ஊகித்து மாற்றாமல் முதலில் அளந்து பார்ப்போம். வேகமான விடை நம் மொழிக்கும் சரியான விடைதானா என்று அடுத்துக் கேட்போம். இவ்விரண்டும் பழகிவிட்டால், நம் ஆய்வகத்திலுள்ள பழைய கணிப்பொறியே நமக்குப் போதுமானதாகும்.