முள்ளுக்கு ஏற்ற கையுறை

தில்லியில் நம்மவர் பலர் வீட்டு மதிலில் காகிதப்பூக் கொடி படர்ந்திருக்கிறது. அதை வெட்டும்போது நூல் கையுறை பயன்படாது. பின்னல் இடுக்கில் முள் நுழைந்துவிடும். உள்ளங்கையில் ரப்பர் பூசியதிலும் புறங்கைப் பக்கம் வெறும் நூல்தான்.

ரயில்வே பணிமனையில் வெல்டர்கள் அணியும் நீளத் தோலுறையே என் சிபாரிசு. 14 அங்குல உறை முன்கையையும் காக்கும். ரோஜாவுக்கு மெல்லிய ஆட்டுத்தோல் உறை போதும். கத்தரி பிடிக்க விரல் நன்றாக மடங்கும்.

சில உறைகளில் ‘இஎன் 388’ என்ற குறியின் கீழ் எண்கள் இருக்கும். நான்காவது எண் குத்தலைத் தாங்கும் திறன், உச்சம் 4. ஆனால் சோதனை செய்வது மழுங்கிய எஃகு முனையால், முள்ளோ ஊசி. ஆகவே கையை நுழைக்காமல், உறையில் ஒரு முள்ளை அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.

மீறியும் முள் தைத்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்தாண்டு ஆகிவிட்டதா, விரல் மூட்டு வீங்குகிறதா? உடனே டாக்டரிடம் செல்லுங்கள்.