தோல்விக்குப் பின் ஒரு வெற்றி

தோற்றுத் துவண்ட கால்பந்தாட்ட அணி ஒருநாள் ஊக்கத்தோடு ஆடி வென்றுவிட்டால், அதன் அன்பர்களின் முகமெல்லாம் மலர்ந்துவிடுகின்றது. கோபாலபுரத்துத் திடலில் பந்து உதைக்கும் சிறுவரிடமும் இதனைக் காணலாம். ஒரே வெற்றிக்கு இத்துணை நம்பிக்கை தகுமா? தகும், அதற்குக் கணக்கு உண்டு.

2015ஆம் ஆண்டின் இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் எட்டு அணிகள் ஆடின. அணி ஒன்றுக்குப் பதினான்கு ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளிகள், சமனானால் 1. முதல் நான்கு அணிகள் அரையிறுதிக்குச் செல்லும். நவம்பரில் நம் நகரத்து அணியான சென்னையின் எஃப்.சி. கடைசி இடத்தில் கிடந்தது. ஆயினும் அணிகளுக்கிடையே இருந்த இடைவெளி சில புள்ளிகளே. ஆகவே, கேரளா பிளாஸ்டர்ஸ் அணியை 4–1 என வென்றதும் அடைபட்ட வழி திறந்தது. எஞ்சிய ஆட்டங்களையும் வென்று, அணி மூன்றாம் இடத்திற்கு உயர்ந்தது.

அப்போது பெருவெள்ளம் சென்னையைச் சூழ்ந்தது. இங்கு நடக்கவேண்டிய அரையிறுதி ஆட்டம் புனேக்கு மாற்றப்பட்டது. துயருற்ற மக்கள் தொலைவிலிருந்தே தம் அணியை வாழ்த்தினர். டிசம்பர் 20 அன்று கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில், முடியும் தறுவாயில் 1–2 எனப் பின்தங்கியிருந்த சென்னை அணி, 3–2 என வென்று கோப்பையைக் கைக்கொண்டது.

எல்லா வெற்றியும் கோப்பையில் முடிவதில்லை. 2016இல் இதே அணி ஏழாம் இடத்திற்கு இறங்கியது. 2017–18 பருவத்தில் மீண்டும் கோப்பையை வென்றது. இறங்கிய நாளிலும் உடன் நின்றவர்களுக்கே ஏறிய நாளின் மகிழ்ச்சி முழுமையாக வாய்க்கின்றது.