படிதலும் படித்தலும்

சாவு வீடு. வளர்ந்த பையனைப் பறிகொடுத்த தாய் சுவரில் சாய்ந்து கிடக்கிறாள். சபை மூப்பர் ஒருவர் குனிந்து, 'கர்த்தர் உன்னச் சிட்சிக்கிறாரும்மா, முறுமுறுக்காத' என்கிறார். அவள் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தைக் கீழ்ப்படிதல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்த யாருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. 'மதம் செய்கிற வேலையே இதுதானே' என்று சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விடலாம். போகலாம்தான். ஆனால் அந்தச் சொல்லை மூப்பர் கையிலேயே விட்டுவிட்டுப் போவதில் எனக்குச் சம்மதமில்லை.

சிட்சை வடமொழி 'சிக்ஷா'விலிருந்து வந்தது. இந்தியில் இது கல்வி. கல்வி அமைச்சகத்தின் பெயரிலேயே இருக்கிறது. மலையாளத்திலோ தண்டனை. பழைய தமிழில் இரண்டு பொருளும் உண்டு. வேதாகமத்துக்கு வெளியே வழக்கொழிந்துபோன பிறகு, தண்டனை என்கிற ஒரு பொருள் மட்டும் அதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கிரேக்க மூலத்தில் இருக்கும் 'பைதெயியா'வும் இதே மாதிரி இரட்டைச் சொல்தான். குழந்தையை வளர்த்து ஆளாக்குவது அதன் அடிப்படைப் பொருள். லூக்காவின் எழுத்தில் இதன் வினைவடிவம் படும் பாட்டைப் பாருங்கள். மோசே எகிப்தியரின் கல்வியில் தேர்ந்தான் என்கிற இடத்திலும், பவுல் கமாலியேலிடம் பயின்றான் என்கிற இடத்திலும் இந்த வினைதான். இயேசுவை அடித்து விட்டுவிடுகிறேன் என்று பிலாத்து பேரம் பேசுகிற இடத்திலும் இதே வினைதான். ஆசிரியன் கையிலும் அதிகாரி கையிலும் ஒரே சொல்.

நம் மொழியிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. அடியாத மாடு படியாது என்கிறோம். படி என்கிற ஒரே வேரிலிருந்து கீழ்ப்படிவதும் வருகிறது, பாடம் படிப்பதும் வருகிறது. விகுதி சேரும்போதுதான் இரண்டும் பிரிகின்றன: படிந்தான், படித்தான். ஒரு மனிதனின் துன்பம் அவனைப் படியவைத்ததா, படிக்கவைத்ததா? தெய்வீக சிட்சை பற்றிய கேள்வி இவ்வளவுதான்.

சிட்சை பற்றி அதிகம் பேசும் பிரதி எபிரெயர் நிருபத்தின் 12ஆம் அதிகாரம். நீதிமொழிகளின் 3ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, தகப்பன் மகனைத் திருத்துவதுபோலக் கடவுள் திருத்துகிறார் என்று அது விளக்குகிறது. இது யாருக்குச் சொல்லப்பட்டது என்பதை நம் பிரசங்கிகள் சொல்வதேயில்லை. இரண்டு அதிகாரம் முன்னால் போனால் தெரியும். அவர்கள் விசுவாசத்துக்காக அவமானப்பட்டவர்கள், சொத்துகளைப் பறிகொடுத்தவர்கள், சிறையில் கிடந்தவர்களுக்குத் துணை நின்றவர்கள். அதாவது, பணிய மறுத்ததால் அடிபட்ட கூட்டம். அடித்தவன் செய்தது நியாயம் என்று நிருபம் சொல்லவில்லை. அடிபட்டதை வீணாக விடாதீர்கள், அதையே பயிற்சியாக மாற்றுங்கள் என்கிறது. 'நாம்' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டுதான் அதை எழுதியவர் பேசுகிறார். வெளியே நின்று அடுத்தவன் காயத்துக்கு உரை எழுதவில்லை.

இன்னொன்று. இயேசுவே பாடுகளின் வழியாகத்தான் கீழ்ப்படிதலைக் கற்றார் என்கிறது அதே நிருபத்தின் 5ஆம் அதிகாரம். அதற்கு முந்தின வசனத்தில் அவர் உரத்த குரலில் அழுதபடி வேண்டுகிறார். கத்தி அழுவது கீழ்ப்படிதலுக்கு விரோதம் என்றால் இந்த இரண்டு வசனங்களும் அடுத்தடுத்து நிற்க முடியாது. யோபின் கதையும் இதைத்தான் சொல்கிறது. உன் துன்பம் உன் பாவத்தின் பலன் என்று நண்பர்கள் மூவரும் வாதாடினார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அந்த மூவரிடம்தான். கேள்வி கேட்ட யோபிடம் அல்ல. தமிழில் 'கேள்' என்றால் செவிகொடு, சொன்னபடி நட, வினவு என்று மூன்றும்தானே. எபிரெய 'ஷமா'வில் செவிகொடுத்தலும் கீழ்ப்படிதலும் உண்டு. மூன்றாவதையும் சேர்த்துக்கொண்டு யோபுவைப் படிக்கிற வசதி நமக்கு இருக்கிறது.

பூக்கோ தன் 1978 விரிவுரைகளில், மேய்ப்பனுக்குப் பணிவதே ஒரு குறிக்கோளாகிப்போனதைக் கிறிஸ்தவ மேய்ப்பு அதிகாரத்தின் தனித்தன்மையாகக் காட்டினார். சரிதான். ஆனால் யார் யாரிடம் பணிவைக் கேட்டார்கள் என்று நம் மண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். சாதி வேறுபாட்டைச் சபைக்குள் அறவே விட்டுவிட வேண்டும் என்று பேராயர் டேனியல் வில்சன் 1833இல் கடிதம் எழுதினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கீழ்ப்படியவில்லை. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவில் இரண்டு கைகளாகக் கட்டப்பட்டது, பீடம் மட்டும் பொது. வெள்ளாளர்களும் நாடார்களும் ஒருவரையொருவர் பார்க்காமலே பூசை கண்டார்கள். 1910இல் அந்தப் பிரிவினைச் சுவர் இடிக்கப்பட்டபோது மேல்சாதியினர் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போயும் சுவர் திரும்பக் கிடைக்கவில்லை. சேரி மக்களுக்கு 'சிட்சை', 'பொறுமை' என்று போதித்த அதே சபையில், சிட்சையின் முறை தன்னிடம் வந்தபோது சாதி முரண்டு பிடித்தது. சுவர் இடிந்ததைக் கடவுளின் சிட்சை என்று யாரும் பிரசங்கம் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எதிர்த்திசையில் ஒரு சாட்சியம் போன்ஹோஃபர். 1937இல் சீடத்துவம் பற்றி அவர் எழுதிய புத்தகம் முழுக்கக் கீழ்ப்படிதலைப் பற்றியதுதான். விலை கொடுக்காத கிருபையை அது சாடுகிறது. அந்தக் கீழ்ப்படிதல் அவரை ஹிட்லருக்கு எதிரான சதி வரை கொண்டுபோனது. 1945 ஏப்ரல் 9 அன்று ஃபிளாசன்பூர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள். 1942 முடிவில் நண்பர்களுக்கு எழுதிய கட்டுரையில், ஜெர்மானியர் பணியக் கற்றார்கள், பொறுப்பேற்கக் கற்கவில்லை என்று வருந்தியவரும் இவரே. கடவுளுக்குப் படிவது வேறு எவனுக்கும் படியாமலிருக்க ஒருவனுக்குத் தெம்பு தரலாம். தராவிட்டால் அது எந்தக் கடவுள் என்று கேட்க வேண்டியதுதான்.

ஆக, சிட்சை தன்மையில் மட்டுமே சொல்லத்தக்க சொல். 'நான் சிட்சிக்கப்பட்டேன்' என்று அந்தத் தாய் என்றைக்காவது தானாகச் சொன்னால் நாம் வாய்மூடிக் கேட்கலாம். 'நீ சிட்சிக்கப்படுகிறாய்' என்று அவளிடம் சொல்ல மூப்பருக்கு உரிமையில்லை. அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து அழுதிருக்கலாம். யோபின் நண்பர்கள் முதல் ஏழு நாள் அதைத்தான் செய்தார்கள். வாயைத் திறந்தபிறகுதான் கெட்டது.