பழைய ஆஃப்செட் ஸ்மோக்கர் வாங்கலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். டாலஸ் பக்கத்துல இருந்து ஒரு நண்பர் எழுதியிருக்கார். அவர் ஏரியாவுல ஒருத்தர் வீடு மாறிப் போறாராம். ஏழு வருஷப் பழசான ஆஃப்செட் ஸ்மோக்கரை 400 டாலருக்குத் தர்றேங்கிறாராம். "பார்க்க அழுக்கா, கறுப்பா இருக்கு. இதே விலைக்குக் கடையில புதுசே கிடைக்குது. எதை வாங்க?"ன்னு கேட்டிருக்கார்.

முதல்ல ஆஃப்செட்னா என்னன்னு பார்த்துடுவோம். படுக்கவச்ச பீப்பா மாதிரி ஒரு பெரிய அறை, அதுக்குள்ள கறி. அதோட ஒரு ஓரத்துல, கொஞ்சம் கீழே இறக்கி ஒட்டின சின்னப் பெட்டி. அதுதான் ஃபயர்பாக்ஸ், நெருப்பு அங்கேதான் இருக்கும். எதிர்ப்பக்கம் புகைக்குழாய். கறிக்கு நேர் கீழே நெருப்பு கிடையாது. சூடும் புகையும் கறியைத் தடவிக்கிட்டே போய்க் குழாய் வழியா வெளியேறும். டெக்சஸ்ல இதுதான் பெருமை. ஆஸ்டின்ல 2009-ல சின்ன டிரெய்லர்ல கடை ஆரம்பிச்ச ஆரன் ஃபிராங்க்ளின், 1000 கேலன் புரொபேன் டேங்கை வெட்டி வெல்டிங் பண்ணின ஸ்மோக்கர்லதான் சமைக்கிறார். டேங்கை ஏன் தேடிப் போறாங்க? அதோட இரும்பு கனம். நம்ம நண்பருக்கான பதிலும் அந்தக் கனத்துலதான் இருக்கு.

கடையில கிடைக்கிற மலிவான ரகத்துல தகடு பெரும்பாலும் 2, 3 மில்லிமீட்டர்தான். நல்ல ரகம்னு சொல்றது கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. மெல்லிசு தகடு சூட்டைப் பிடிச்சு வச்சுக்காது. காத்து அடிச்சா சூடு இறங்கும், மூடியைத் திறந்தா இறங்கும். நீங்க பதறிப்போய் விறகைத் திணிப்பீங்க, மூச்சு முட்டி வெள்ளைப் புகை வரும், கறி கசக்கும். கனமான இரும்பு ஒரு தடவை சூடாயிட்டா, சின்ன நெருப்பே போதும். சின்னதா, சுத்தமா எரியற நெருப்புல இருந்து வர்ற லேசான நீலப் புகைதான் நமக்கு வேணும். ஊர்ல விறகு அடுப்பு பார்த்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈர விறகு வச்சா அடுப்படி என்ன ஆகும்னு தெரியும்.

என் கதையைச் சொல்றேன். நான் முதல்ல வாங்கினது 120 டாலர். "ரெண்டே தடவைதான் யூஸ் பண்ணோம், புதுசு மாதிரி இருக்கு"ன்னார் வித்தவர். பளபளன்னு இருந்துச்சு. பிப்ரவரி மாசம், நல்ல காத்து, எட்டுப் பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். காலையில அஞ்சு மணிக்கு 14 பவுண்டு பிரிஸ்கெட்டை ஏத்தினேன். 250 டிகிரி ஃபாரன்ஹீட்ல நிக்க வேண்டியது ஒரு நிமிஷம் 300, அடுத்த பத்து நிமிஷத்துல 190. மத்தியானத்துக்குள்ள ஒரு நாளைக்குன்னு வாங்கின விறகு தீர்ந்துபோச்சு. ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தவங்களுக்குப் பீட்சா ஆர்டர் பண்ணினோம். "ஏங்க, குக்கர்ல வச்சிருந்தா மத்தியானமே முடிஞ்சிருக்கும்ல?"ன்னு வீட்ல கேட்டாங்க. பதில் இல்லை.

ரெண்டு தடவையோட ஏன் வித்தார்னு நான் யோசிச்சிருக்கணும். பழைய ஸ்மோக்கர்ல பளபளப்பு நல்ல அறிகுறியே இல்லை. ஏழு வருஷம் ஓட்டி, கறுத்துப்போய், வீடு மாறுறதால மட்டும் விக்கிறாங்கன்னா, அதைத்தான் நான் போய்ப் பார்ப்பேன்.

போகும்போது ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், முடிஞ்சா தடிமன் அளக்கிற காலிப்பர் எடுத்துக்கோங்க. காலிப்பர் இல்லையா, ஒரு குவார்ட்டர் காசு 1.75 மில்லிமீட்டர். மூணரை காசு அடுக்கின உயரம் மூடி விளிம்புல இருக்கான்னு பாருங்க. தட்டினா 'டங்'னு தகர டப்பா மாதிரி கேக்கக் கூடாது. அடுத்து ஃபயர்பாக்ஸ். சாம்பலை அள்ளாம விட்டா அது ஈரத்தை இழுத்து வச்சுக்கும், இரும்பு அடியில இருந்து அரிக்கும். சாம்பலை ஒதுக்கிட்டு அடித்தகட்டை ஸ்க்ரூடிரைவரால நல்லா குத்திப் பாருங்க. மேல படிஞ்ச துரு பிரச்சினை இல்லை, தேய்ச்சு எண்ணெய் பூசினா சரியாயிடும். ஏடு ஏடா உரிஞ்சு வந்தாலோ, குத்தின இடம் உள்ளே போனாலோ திரும்பி வந்துடுங்க. ஃபயர்பாக்ஸும் பெரிய அறையும் சேர்ற வெல்டிங்ல விரிசல் இருக்கான்னும் பார்க்கணும். வெளியே பெயின்ட் உரிஞ்சிருந்தா கவலையே படாதீங்க, நெருப்புப் பெட்டின்னா அப்படித்தான். சமைக்கிற அறைக்குள்ள கறுப்பா உரியறதும் பெரும்பாலும் பழைய கொழுப்பும் கரியும்தான், சுரண்டி எடுத்துடலாம்.

ஒரே ஒரு விஷயத்துல பேரமே கிடையாது. யாரோ வீட்லயே செஞ்சதுன்னு சொன்னா, எந்த இரும்புல செஞ்சாங்கன்னு கேளுங்க. துத்தநாகம் பூசின தகடு வேணவே வேணாம். நெருப்புச் சூட்டுல அந்தப் பூச்சு நச்சுப் புகை விடும். கெமிக்கல் இருந்த டிரம்மும் அப்படித்தான்.

வித்தவர் ஒத்துக்கிட்டா, அங்கேயே நெருப்பு மூட்டிக் காட்டச் சொல்லுங்க. மூடி இடுக்குல கொஞ்சம் புகை கசிஞ்சா பரவாயில்லை, அதுக்கு சீல் இருக்கு. ஆனா குழாய் வழியா இழுக்காம ஃபயர்பாக்ஸ் கதவு வழியாவே புகை திரும்பி வந்தா, அமைப்புலயே கோளாறு இருக்கலாம்.

இரும்பு எவ்வளவு நல்லா இருந்தாலும் ஒண்ணு மாறாது. முப்பது, நாப்பது நிமிஷத்துக்கு ஒரு விறகு. பிரிஸ்கெட்னா பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். வீட்ல மாட்டுக்கறி கிடையாதுன்னா முழுக் கோழி, ஆட்டுத் தொடை எல்லாம் சீக்கிரமே முடிஞ்சிடும், ஆனா அப்பவும் பக்கத்துலயேதான் இருக்கணும். சனிக்கிழமை காலையில பிள்ளைங்களை சாக்கர் கிளாஸுக்குக் கொண்டுபோய் விடணும், நடுவுல ஆபீஸ் கால் இருக்குன்னா, உங்களுக்கு இது வேணாம். ஒரு பெல்லட் கிரில் போதும்.

நேரம் இருக்கு, தகடு கால் அங்குலம், ஃபயர்பாக்ஸ் அடி திடமா இருக்குன்னா, 400 டாலருக்கு வாங்கிடுங்க. புதுசா அதே கனத்துல வாங்கப் போனா ஆயிரத்தைத் தாண்டிடும். தகடு 3 மில்லிமீட்டர்னா அதை விட்டுடுங்க. அதே மெல்லிசுல கடையில இருக்கிற புதுசும் வேணாம்.

ஒண்ணு மறந்துட்டேன். கால் அங்குலத் தகடு சதுர அடிக்குப் பத்துப் பவுண்டு. 20 அங்குல விட்டம், மூணு அடி நீளம்னா பெரிய அறை மட்டுமே 200 பவுண்டு வரும். ஃபயர்பாக்ஸ் தனி. டிரெய்லர் வாடகைக்கு எடுத்துக்கோங்க, நாலு பேரைக் கூட்டிட்டுப் போங்க, அவங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டை அன்னைக்கு வெளியிலேயே வாங்கிக் கொடுத்துடுங்க.