அலரிக்காயும் கலத்தின் பம்பியும்

லிங்கநகரில் எங்கள் வேலியோரம் ஒரு மஞ்சள் அலரி நின்றது. போன வருடம் பக்கத்து வீட்டுத் தம்பி அதன் காயைக் கடித்துவிட்டான். உம்மா துப்ப வைத்து, வாயைக் கழுவி, வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். இரவு முழுவதும் அவன் நெஞ்சில் வயர்கள் ஒட்டியிருந்தன. வயிற்றுக்குள் போன நஞ்சுக்கு இதயத்தை ஏன் பார்க்கிறார்கள்? உயர்தர உயிரியல் படிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது.

நமது கலமென்சவ்வில் ஒரு புரதம் உண்டு. அது ஒரு ஏ.ரி.பி. மூலக்கூற்றை உடைத்து, அந்தச் சக்தியால் மூன்று சோடியம் அயன்களை வெளியே தள்ளி, இரண்டு பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கும். சோடியம் பொற்றாசியம் ஏ.ரி.பி.ஏஸ் என்பது அதன் பெயர். சுருக்கமாகப் பம்பி. அலரியிலுள்ள கிளைக்கோசைட்டுகள் இதன் வெளிப்புறத்தில் ஒட்டி வேலையை நிறுத்திவிடும். இதயத்தசைக் கலத்தில் சோடியம் கூடும், அதனால் கல்சியமும் வெளியேறாமல் தேங்கும், துடிப்பு ஒழுங்கு கெடும்.

இப்படி நிறுத்தும் பொருளே நிரோதி. ஆனால் பம்பியைக் கண்டறிய உதவியதும் ஒரு நிரோதிதான். 1957இல் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கௌ, நண்டின் கால் நரம்பில் ஏ.ரி.பி.யை உடைக்கும் நொதியம் ஒன்றைக் கண்டார். (நண்டைத் துரத்த மட்டும் தெரிந்த நமக்கு இது வியப்புத்தான்!) அடுத்த வருடம் வியன்னா மாநாட்டில் ரொபேட் போஸ்ட் அவரிடம், "உவாபேன் அதை நிறுத்துகிறதா?" என்று கேட்டார். உவாபேன் ஆபிரிக்காவில் அம்பு முனையில் பூசப்பட்ட மரநஞ்சு. செங்குருதிக் கலங்களில் சோடியம் வெளியேறுவதை அது தடுக்கும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. ஸ்கௌ ஆய்வுகூடத்துக்குச் சொல்லிச் சோதித்தார். நொதியம் நின்றது. அப்படியானால் நொதியமும் பம்பியும் ஒன்றே! 1997இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் ஆய்வாளர் உவாபேன் இட்டும் இடாமலும் அளப்பார்கள். இரண்டுக்குமுள்ள வித்தியாசமே பம்பி செய்த வேலை.

நம் நாட்டிலும் ஒரு முக்கிய ஆய்வு நடந்தது. இதய மருந்தான டிகொக்சினும் அலரி நஞ்சும் ஒரே சாதி. ஆகவே டிகொக்சினைப் பிடிக்கச் செம்மறியாட்டிலிருந்து எடுத்த பிறபொருளெதிரி அலரி நஞ்சையும் பிடிக்குமா என்று கொழும்பில் சோதித்தார்கள். 2000இல் முடிவு வெளியானது. மருந்து பெற்ற 34 பேரில் 15 பேருக்கு இரண்டு மணித்தியாலத்தில் துடிப்பு சீரானது. பெறாத 32 பேரில் இருவருக்கு மட்டுமே. மருந்து பலித்தது, விலைதான் மிக அதிகம்.

பெற்றோருக்கு ஒரு சொல்: பிள்ளை அலரிக்காயைக் கடித்தால், முகம் தெளிவாக இருக்கிறதே என்று வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். துடிப்பு பிந்தியும் கெடலாம்.

தம்பி சுகமாக வந்துவிட்டான். வாப்பா அடுத்த நாளே மரத்தைத் தறித்துவிட்டார்.