சொந்தக் கதையா, கற்பனையா? அசோகமித்திரன் ஒரே அனுபவத்தை இரண்டு முறை எழுதியது ஏன்?

சி.பி.எஸ்.இ பிளஸ் டூ படித்தவர்களுக்கு 'பொயட்ஸ் அண்ட் பான்கேக்ஸ்' என்ற ஆங்கிலப் பாடம் நினைவிருக்கும். ஜெமினி ஸ்டூடியோவின் மேக்கப் அறையில் தொடங்கி, சிரிக்கச் சிரிக்கப் போகும் பாடம் அது. எழுதியவர், நம் அசோகமித்திரன்!

1931-ல் செகந்திராபாத்தில் பிறந்தவர். அப்பா இறந்தபின் 1952-ல் சென்னைக்கு வந்து, எஸ்.எஸ்.வாசனின் ஜெமினியில் சேர்ந்தார். செய்தித்தாள்களைக் கத்தரித்து ஃபைலில் சேர்ப்பது அவர் பார்த்த வேலைகளில் ஒன்று. சுமார் 14 வருடங்கள் அங்கே இருந்தார்.

அந்த சினிமா உலகத்தை அவர் இரண்டு விதமாக எழுதினார். ஒன்று, 'கரைந்த நிழல்கள்' நாவல். இன்னொன்று, அந்தப் பாடம் இடம்பெற்ற ஆங்கில நினைவுக் கட்டுரைகள்.

பெயர் சொன்னால் ஒரு கதை...

கட்டுரைகளில் நிஜப் பெயர்கள், நிஜ சம்பவங்கள். நடிகராகும் கனவோடு வந்து, நாற்பது வயதைத் தாண்டியும் கூட்டக் காட்சி ஆட்களுக்கு மேக்கப் பூசிக்கொண்டிருக்கும் 'ஆபீஸ் பாய்' அங்கே வருகிறார். அவர் புலம்பலைப் படித்தால் சிரிப்பு வரும். ஆனால், வேலை முடிந்து அவர் எந்த மனநிலையில் வீட்டுக்குப் போனார்? கட்டுரையால் அங்கே போக முடியாது. பார்க்காததை எழுதினால் பொய். பார்த்ததை எழுதினாலோ உயிரோடு இருப்பவர் மனம் புண்படும்.

பெயரை மறைத்தால் இன்னொரு கதை!

நாவலுக்கு அந்தத் தடை இல்லை. 'கரைந்த நிழல்க'ளில் ஹீரோ என்று ஒருவர் கிடையாது. ஒரு படம் பாதியில் நிற்கிறது. அதை நம்பியிருந்த தயாரிப்பு நிர்வாகி, உதவி இயக்குநர் போன்றவர்களின் பிழைப்பும் ஆட்டம் காண்கிறது. டைட்டில் கார்டில் ஓரிரு நொடி ஓடும் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் வாடகை பாக்கியும் அவமானமும் நமக்குத் தெரியவருவது இங்கேதான்.

'18வது அட்சக்கோடு' நாவலும் இப்படித்தான். அவர் வளர்ந்த அதே செகந்திராபாத், 1948-ன் அதே கலவரச் சூழல். அதற்காக, அதில் வரும் சந்திரசேகரனை அப்படியே அசோகமித்திரன் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

'இது உங்க சொந்தக் கதையா சார்?' என்பது எழுத்தாளர்களிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி. அடுத்த முறை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'யாருக்காகப் பெயரை மாற்றினீர்கள்?'